கண்வலி விதைக்குள் இருக்கும் மருந்து: ஆய்வுகள் சொல்வது என்ன, விவசாயிகள் கவனிக்க வேண்டியது என்ன?

ஒட்டன்சத்திரம், மூலனூர், தாராபுரம், அரவக்குறிச்சி வட்டாரங்களில் கண்வலிக்கிழங்கு போட்டிருக்கும் விவசாயிகளிடம் பேசினால் இரண்டு கேள்விகள் தவறாமல் வரும். 'இந்த விதையை வாங்கிக்கொண்டு போய் என்ன செய்கிறார்கள்?' என்பது ஒன்று. 'போன வருஷம் இருந்த விலை இந்த வருஷம் ஏன் இல்லை?' என்பது மற்றொன்று.

இரண்டு கேள்விகளுக்கும் பதில் ஒரே இடத்தில்தான் இருக்கிறது. அந்தச் சிறிய விதைக்குள் இருக்கும் மருந்துப் பொருளும், அதைப் பற்றி உலகம் முழுவதும் நடக்கும் ஆய்வுகளும்தான் அந்த இடம். இதைத் தெரிந்துகொண்டால் எப்போது அறுவடை செய்வது, எப்படிக் காயவைப்பது, வீட்டில் எப்படிப் பத்திரப்படுத்துவது என்பதற்கெல்லாம் காரணம் புரியும். அதைவிட முக்கியமாக, குடும்பத்தில் ஓர் உயிரிழப்பு நேராமல் தடுக்கவும் உதவும்.

ஒரே செடி, பல பெயர்

செங்காந்தள், கார்த்திகைப்பூ, கண்வலிக்கிழங்கு, கலப்பைக்கிழங்கு என்று பல பெயர்களில் அழைக்கப்படுவது ஒரே செடிதான். இதன் தாவரவியல் பெயர் குளோரியோசா சூப்பர்பா. கிழங்கு கலப்பை போல இரண்டு பக்கமும் வளைந்து இருப்பதால் கலப்பைக்கிழங்கு என்று பெயர் வந்தது. தமிழ்நாட்டின் மாநில மலரும் இதுவே. வேலி ஓரத்திலும் காட்டிலும் தானாக ஏறிக் கிடந்த கொடியைப் பந்தலில் ஏற்றிப் பணப்பயிராக்கியவர்கள் நம் விவசாயிகள்.

சித்த மருத்துவமும் ஆயுர்வேதமும் இந்தக் கிழங்கை நெடுங்காலமாகப் பயன்படுத்தி வருகின்றன. ஆனால் இரண்டுமே இதை நச்சுச் சரக்காகத்தான் வைத்திருக்கின்றன. முறைப்படி சுத்தி செய்த பிறகே மருந்தில் சேர்ப்பார்கள். நம் முன்னோர் இந்தச் செடியை மருந்தாகப் பார்த்த அதே நேரத்தில் விஷமாகவும் பார்த்தார்கள் என்பதை முதலில் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

விதைக்குள் இருப்பது என்ன?

இந்தச் செடியின் மருந்துப் பொருளுக்குக் கோல்ச்சிசின் என்று பெயர். இது ஆல்கலாய்டு வகையைச் சேர்ந்தது. கிழங்கு, தண்டு, இலை, பூ, விதை எல்லாவற்றிலும் இருக்கிறது. கிழங்கைவிட விதையில் கூடுதலாக இருப்பதாலும், கிழங்கைத் தோண்டி அழிக்காமல் ஆண்டுதோறும் விதை எடுக்க முடிவதாலும் மருந்து நிறுவனங்கள் விதையை விரும்பி வாங்குகின்றன.

கோல்ச்சிசின் முதலில் நம் செடியிலிருந்து எடுக்கப்படவில்லை. ஐரோப்பாவில் கோல்ச்சிகம் என்ற ஒரு சிறு செடி உண்டு. அதன் கிழங்கை மூட்டு வாதத்துக்குக் கொடுக்கும் வழக்கம் அங்கே பல நூற்றாண்டுகளாக இருந்தது. பிரான்சைச் சேர்ந்த பெல்லட்டியே, காவந்து என்ற இரண்டு வேதியியலாளர்கள் 1820-ல் அந்தச் செடியிலிருந்து வீரியமான பொருளைத் தனியே பிரித்தார்கள். மலேரியாவுக்கான கொய்னாவைச் சின்கோனா மரப்பட்டையிலிருந்து பிரித்ததும் இதே இருவர்தான், அதே ஆண்டில்.

நம் கண்வலிக்கிழங்கில் இருப்பதும் அதே கோல்ச்சிசின்தான் என்பதை இங்கிலாந்து வேதியியலாளர்கள் 1915-ல் உறுதிசெய்து வெளியிட்டார்கள். எங்கோ குளிர்நாட்டில் வளரும் ஒரு செடியும், நம் ஊர் வெயிலில் வளரும் கொடியும் ஒரே மருந்தைச் செய்து வைத்திருக்கின்றன. அந்தக் கண்டுபிடிப்பின் பலன்தான் இன்று உங்கள் களத்தில் காயும் விதைக்குக் கிடைக்கும் விலை.

உடம்பில் எப்படி வேலை செய்கிறது?

ஒரு மூலிகை 'நல்லது' என்று சொல்வதோடு மருந்தியல் ஆய்வு நின்றுவிடாது. எந்தப் பொருள், உடம்பில் எந்த இடத்தில், எவ்வளவு அளவில், என்ன செய்கிறது என்று ஒவ்வொன்றாகப் பார்க்கும்.

கட்டடம் கட்டும்போது சாரம் கட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். நம் உடம்பின் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் அப்படி ஒரு சாரம் உண்டு. டியூபுலின் என்ற புரதத் துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்து மெல்லிய குழாய்களாக நிற்கும். செல் இரண்டாகப் பிரிவதற்கும், இடம்விட்டு இடம் நகர்வதற்கும் இந்தக் குழாய்கள் தேவை. கோல்ச்சிசின் அந்த டியூபுலினைப் பிடித்துக்கொள்கிறது. அதன் பிறகு சாரம் எழும்பாது.

கவுட் என்ற மூட்டு வாதத்தில் யூரிக் அமிலம் ஊசி ஊசியான படிகமாகி மூட்டில் தங்கிவிடும். பெரும்பாலும் கால் பெருவிரலில் தொடங்கும். அந்தப் படிகத்தைத் தாக்க ரத்த வெள்ளை அணுக்கள் கூட்டமாக ஓடி வருவதால்தான் வீக்கமும் தாங்க முடியாத வலியும் உண்டாகின்றன. கோல்ச்சிசின் கொடுத்தால் வெள்ளை அணுக்களின் நகர்வு தடைபட்டு, வீக்கம் குறைகிறது. இது யூரிக் அமிலத்தைக் குறைக்கும் மருந்து அல்ல, வீக்கத்தை அடக்கும் மருந்து. இந்த வேறுபாடே ஆய்வுகளால்தான் தெரிய வந்தது.

மூட்டிலிருந்து இதயம் வரை

வீக்கத்தை அடக்கும் மருந்து இதயத்துக்கும் உதவுமா என்ற கேள்வி பிறகு எழுந்தது. ரத்தக் குழாயில் கொழுப்புப் படிந்து மாரடைப்பு வருவதில் வீக்கத்துக்கும் பங்கு உண்டு என்பதே அதற்குக் காரணம்.

2019-ல் வெளியான கோல்காட் என்ற ஆய்வில், அண்மையில் மாரடைப்பு வந்த 4,745 நோயாளிகள் சேர்க்கப்பட்டனர். ஒரு பகுதியினருக்குத் தினமும் அரை மில்லிகிராம் கோல்ச்சிசினும், மற்றவர்களுக்கு மருந்தில்லாத வெற்று மாத்திரையும் கொடுக்கப்பட்டன. மரணம், மீண்டும் மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பாதிப்புகள் வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 7.1 சதவீதம் பேருக்கு வந்தன. கோல்ச்சிசின் சாப்பிட்டவர்களில் அது 5.5 சதவீதமாக இருந்தது. 2020-ல் ஆஸ்திரேலியாவிலும் நெதர்லாந்திலும் 5,522 பேரிடம் நடந்த இன்னொரு ஆய்வும் பலன் இருப்பதாகவே காட்டியது. இவற்றின் தொடர்ச்சியாக அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, அரை மில்லிகிராம் கோல்ச்சிசின் மாத்திரையை இதய நோயாளிகளுக்குக் கொடுக்க 2023-ல் அனுமதி அளித்தது.

ஆனால் 2024-ல், மாரடைப்பு வந்த 7,062 பேரிடம் நடந்த பெரிய ஆய்வில் அப்படிப் பலன் எதுவும் தெரியவில்லை. ஆய்வு என்பது இப்படித்தான் நடக்கும். ஒன்று ஆமாம் என்னும், இன்னொன்று இல்லை என்னும். அதனால் 'கண்வலி விதை இதயத்துக்கு மருந்து, இனி விலை எகிறும்' என்று யாராவது சொன்னால் அப்படியே நம்பிக் கூடுதல் ஏக்கரில் போட்டுவிட வேண்டாம்.

விதையில்லாத் தர்பூசணியும் இதன் உபயம்

கோல்ச்சிசினால் மருத்துவத்துக்கு மட்டுமல்லாமல் விவசாயத்துக்கும் நன்மை கிடைத்திருக்கிறது. செல் பிரியும்போது சாரம் எழும்பாவிட்டால், இரட்டிப்பான குரோமோசோம்கள் இரு பக்கமாகப் பிரிய முடியாமல் ஒரே செல்லுக்குள் தங்கிவிடும். 1937-ல் அமெரிக்க விஞ்ஞானிகள் பிளேக்ஸ்லியும் ஏவரியும் இந்த முறையில் செடிகளின் குரோமோசோமை இரட்டிப்பாக்கிக் காட்டினார்கள்.

சாதாரணத் தர்பூசணியில் 22 குரோமோசோம் உண்டு. கோல்ச்சிசின் கொடுத்து அதை 44 ஆக்கி, மீண்டும் 22 உள்ள செடியோடு ஒட்டுச் சேர்த்தால் 33 உள்ள செடி கிடைக்கும். 33 சரிபாதியாகப் பிரியாது என்பதால் விதை பிடிக்காது. ஜப்பானைச் சேர்ந்த ஹிட்டோஷி கிஹாரா என்ற விஞ்ஞானி விதையில்லாத் தர்பூசணியை இப்படித்தான் உருவாக்கினார். கோதுமையையும் ரை என்ற தானியத்தையும் சேர்த்து டிரிட்டிகேல் என்ற புதுத் தானியத்தை உருவாக்கவும் இதே பொருள் கைகொடுத்தது.

மருந்தும் இதுவே, நஞ்சும் இதுவே

இனிச் சொல்லப்போவதை வீட்டில் உள்ள எல்லோருக்கும் சொல்லுங்கள்.

வீங்கிய மூட்டில் வெள்ளை அணுக்களை நிறுத்தும் அதே பொருள், அளவு மீறினால் உடம்பு முழுவதும் செல் பிரிவதை நிறுத்திவிடும். குடலின் உட்புறத் தோல், எலும்பு மஜ்ஜை, மயிர்க்கால் போன்றவை எப்போதும் புதிது புதிதாக வளரும் இடங்கள். அதனால் முதலில் அடி வாங்குவதும் அவைதான்.

டாக்டர் எழுதிக் கொடுக்கும் கோல்ச்சிசின் மாத்திரையில் இருப்பது அரை மில்லிகிராம். ஒரு சிட்டிகை விதையிலேயே பல மாத்திரைக்குச் சமமான மருந்து இருக்கக்கூடும். எவ்வளவு இருக்கிறது என்று கண்ணால் பார்த்துச் சொல்லவும் முடியாது. செடிக்குச் செடி, இடத்துக்கு இடம் மாறும். நிறுவனம் அதை அளந்து, சுத்தம் செய்து மாத்திரையாக்குகிறது. அந்த மாத்திரையையே சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும், சில வகை ஆன்டிபயாடிக் சாப்பிடுபவர்களுக்கும் டாக்டர்கள் யோசித்துத்தான் கொடுப்பார்கள். ஆகவே 'நம்ம தோட்டத்து விதைதானே' என்று மூட்டு வலிக்கு அரைத்துக் குடிப்பதோ, கிழங்கை வேகவைத்துச் சாப்பிடுவதோ கூடவே கூடாது.

தவறுதலாகவும் விபத்து நடக்கிறது. இந்தக் கிழங்கைச் சர்க்கரைவள்ளி என்றோ வேறு கிழங்கு என்றோ நினைத்துச் சமைத்துச் சாப்பிட்டு உயிரிழந்தவர்கள் தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் உண்டு. சமைத்தால் விஷம் போய்விடும் என்று நினைப்பது தவறு.

நச்சு ஏறியதன் அறிகுறிகள் ஏமாற்றக்கூடியவை. சாப்பிட்ட உடனே ஒன்றும் தெரியாமல் இருக்கலாம். சில மணி நேரம் கழித்து வாந்தி, வயிற்றுவலி, பேதி தொடங்கும். பார்ப்பதற்குச் சாதாரண உணவு ஒவ்வாமை போலத்தான் இருக்கும். ஒரு நாள் கழித்துச் சற்றுத் தெளிந்தது போலத் தோன்றினாலும், அதன் பிறகுதான் ரத்த அணுக்கள் குறைந்து, சிறுநீரகம், இதயம், மூச்சு எல்லாம் பாதிக்கப்படும். பிழைத்தவர்களுக்குக்கூடச் சில வாரங்களில் முடி கொத்துக் கொத்தாகக் கொட்டும்.

இதற்கென்று தனி மாற்று மருந்து ஆஸ்பத்திரிகளில் கிடைப்பதில்லை. சீக்கிரம் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் உயிரைக் காப்பாற்றும் வழி. அறிகுறி வரட்டும் என்று காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள். உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைப்பது, நாட்டு மருந்து கொடுப்பது என்று நேரத்தைக் கடத்த வேண்டாம். சாப்பிட்ட கிழங்கு அல்லது விதையில் கொஞ்சம் எடுத்துச் சென்று, 'இது கண்வலிக்கிழங்கு, இதில் கோல்ச்சிசின் இருக்கிறது' என்று டாக்டரிடம் தெளிவாகச் சொல்லுங்கள். அந்த ஒரு தகவல் சிகிச்சையின் போக்கையே மாற்றும்.

தோட்டத்திலும் வீட்டிலும் கடைப்பிடிக்க வேண்டியவை

* விதைக்கிழங்கைச் சேனை, சர்க்கரைவள்ளி, உருளை வைக்கும் இடத்தில் வைக்கக் கூடாது. தனி அறையில், பெயர் எழுதிப் பூட்டி வைக்கவும்.

* காய்ந்த விதை செந்நிறத்தில் பளிச்சென்று இருக்கும். குழந்தைகள் எடுத்து விளையாட வாய்ப்பு உண்டு. களத்தில் காயும்போது குழந்தைகளை அருகில் விட வேண்டாம்.

* காய் உடைத்து விதை பிரிக்கும்போதும் தூற்றும்போதும் கையுறையும் முகக்கவசமும் அணிய வேண்டும். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகே வெற்றிலை, டீ, சாப்பாடு. கூலியாட்களுக்கும் இதைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும்.

* கர்ப்பிணிப் பெண்களை இந்த வேலையில் ஈடுபடுத்தக் கூடாது. செல் பிரிவதைத் தடுக்கும் பொருள் என்பதே இதற்குப் போதுமான காரணம்.

* காய்ந்த கொடி, இலை, காய்த்தோல் எதையும் மாட்டுத் தீவனத்தோடு சேர விடக் கூடாது. கால்நடைகளுக்கும் இது விஷம். அறுவடை முடிந்த பந்தலுக்குள் ஆடுகளை மேய விடாதீர்கள்.

* விதை அளந்த படி, அரைத்த மிக்ஸி, மூட்டை கட்டிய சாக்கு ஆகியவற்றை மறுபடி சமையலுக்கோ தானியத்துக்கோ பயன்படுத்த வேண்டாம்.

அறுவடையில் கவனித்தால் தரம் கூடும்

கண்வலிப் பூவில் சூல்தண்டு செங்கோணமாக ஒரு பக்கம் மடங்கி, மகரந்தப் பைகளிலிருந்து விலகி நிற்கும். அதனால் தானாகக் காய் பிடிப்பது குறைவு. காலை வேளையில் ஒவ்வொரு பூவாகத் தேடிக் கையால் மகரந்தம் தொட்டு வைக்க வேண்டியிருக்கிறது. இந்த ஆள்கூலிதான் பெரிய செலவு. இவ்வளவு பாடுபட்டு எடுத்த காயை அறுவடையில் கெடுத்துவிடக் கூடாது.

நடவு செய்து ஐந்தரை முதல் ஆறு மாதத்தில் காய்கள் முற்றும். மேல்தோல் சுருங்கி, கையில் எடுத்தால் லேசாகத் தெரியும் பருவத்தில் பறிக்க வேண்டும். எல்லாக் காயும் ஒரே நேரத்தில் முற்றாது என்பதால் பல தவணையாகப் பறிப்பதே நல்லது. விலை நன்றாக இருக்கிறது என்று பிஞ்சுக் காயைச் சேர்த்துப் பறித்தால் விதை சூம்பிப்போகும்.

பறித்த காயை நிழலில் காற்றோட்டமாக உலர்த்துங்கள் என்று வேளாண் அதிகாரிகள் சொல்வதற்கு மருந்தியல் காரணம் ஒன்று உண்டு. கோல்ச்சிசின் மீது வெளிச்சம் பட்டால் அது லூமிகோல்ச்சிசின் என்ற வேறு பொருளாக மாறிவிடும். மருந்துக்கு அது பயன்படாது. ஆய்வகங்களில் கோல்ச்சிசினைப் பழுப்புநிறக் கண்ணாடிக் குப்பியில் வைத்திருப்பதும் இதனால்தான். எனவே கடும் வெயிலில் நாள்கணக்கில் பரப்பி வைப்பதைத் தவிர்த்து, ஈரமும் பூசணமும் இல்லாமல் நிழலில் காயவைத்து, காற்றுப் புகாத பைகளில் இருட்டான இடத்தில் அடுக்குங்கள். கல், தூசி, காய்த்தோல், பழைய விதை எதையும் கலக்க வேண்டாம். வாங்குகிற நிறுவனம் கருவி வைத்துக் கோல்ச்சிசின் அளவைப் பார்க்கும்போது கலப்படம் தெரிந்துவிடும். ஒரு மூட்டையில் செய்த தவறு ஊர் விதை முழுவதற்கும் கெட்ட பெயர் வாங்கித் தரும்.

விலை ஏன் ஏறி இறங்குகிறது?

நெல், பருத்தி போல இதற்கு ஊருக்கு ஊர் சந்தை கிடையாது. உலகத்தில் கோல்ச்சிசின் எடுக்கும் நிறுவனங்கள் சிலவே. அவற்றின் கிடங்கில் சரக்கு நிறைந்தால் வாங்குவது நிற்கும். விலை நன்றாக இருந்த ஆண்டைப் பார்த்து எல்லோரும் போட்டால், அடுத்த ஆண்டு விதை குவிந்து விலை சரியும். இதில் ஆய்வு முடிவுகளின் பங்கும் உண்டு.

தயோகோல்ச்சிகோசைடு என்று ஒரு மருந்து இருக்கிறது. தசைப்பிடிப்புக்குக் கொடுப்பது. கண்வலி விதையில் கோல்ச்சிசினோடு சேர்ந்திருக்கும் கோல்ச்சிகோசைடு என்ற பொருளிலிருந்து இதைத் தயாரிக்கிறார்கள். இது உடம்பில் உடைந்து உண்டாகும் ஒரு பொருள் குரோமோசோமைப் பாதிக்கலாம் என்று தெரிந்ததால், சில நாட்களுக்கு மேல் கொடுக்கக் கூடாது என்று ஐரோப்பிய மருந்து அமைப்பு 2013-ல் பரிந்துரைத்தது. ஓர் ஆய்வு தேவையை ஏற்றுவது போலவே இன்னோர் ஆய்வு இறக்கவும் செய்யும்.

மருந்து விலை ஏறினால் விதை விலை ஏறிவிடும் என்பதும் கிடையாது. அமெரிக்காவில் 10 சென்டுக்கும் குறைவாக விற்ற கோல்ச்சிசின் மாத்திரை, 2009-ல் ஒரே நிறுவனத்துக்குத் தனி உரிமை கிடைத்ததும் சுமார் 5 டாலர் ஆனது. மாத்திரைக்குள் இருந்த மருந்து அதேதான்.

இன்னொரு செய்தியையும் விவசாயிகள் தெரிந்து வைத்திருக்க வேண்டும். 2020-ல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக விஞ்ஞானிகள், நம் கண்வலிச் செடியையே எடுத்து ஆராய்ந்து, அது கோல்ச்சிசினை எந்தெந்த மரபணுக்களைக் கொண்டு செய்கிறது என்று பெருமளவு கண்டுபிடித்தார்கள். அந்த மரபணுக்களைப் புகையிலை இனச் செடி ஒன்றில் செலுத்தி, கோல்ச்சிசினுக்கு முந்தைய நிலைப் பொருளை உண்டாக்கியும் காட்டினார்கள். இது ஆய்வக அளவில் நடந்தது. நாளைக்கே நம் விதை வேண்டாம் என்று யாரும் சொல்லப்போவதில்லை. ஆனால் பந்தல், கம்பி, விதைக்கிழங்கு என்று பல ஆண்டுகளுக்குச் சேர்த்து முதலீடு செய்பவர்கள் இந்தத் திசையிலும் ஒரு கண் வைத்திருப்பது நல்லது.

இப்போது செய்யக்கூடியது

இருக்கும் நிலம் முழுவதும் கண்வலி போடாமல், ஒரு பகுதியில் மட்டும் போட்டு மீதியில் முருங்கை, காய்கறி, தீவனம் என்று பிரித்துக்கொள்ளுங்கள். கடன் வாங்கிப் பந்தல் போடுபவர்கள், இரண்டு ஆண்டு விலை இல்லாவிட்டாலும் தாங்க முடியுமா என்று கணக்குப் பார்த்த பிறகே இறங்க வேண்டும்.

தனித்தனியாக வியாபாரியிடம் போகாமல் பத்துப் பதினைந்து பேர் சேர்ந்தோ, உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் மூலமாகவோ விதையை ஒன்றாகச் சேர்த்து, மாதிரி எடுத்து ஆய்வகத்தில் கோல்ச்சிசின் அளவைப் பரிசோதித்து வைத்துக்கொள்ளுங்கள். கையில் அறிக்கை இருந்தால் 'விதையில் சத்து இல்லை' என்று சொல்லி யாரும் விலையைக் குறைக்க முடியாது. சாகுபடி நுட்பங்களுக்குக் கோவை தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மருந்து மற்றும் மணமூட்டும் பயிர்கள் துறையையும், உங்கள் வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்தையும் அணுகலாம்.

கண்வலியைப் பொறுத்தவரை நாம் விற்பது எடையை அல்ல, விதைக்குள் இருக்கும் மருந்தை. அந்த மருந்து கெடாமல் களத்திலிருந்து மூட்டைக்குப் போக வேண்டும். நம் வீட்டுச் சட்டிக்குள் மட்டும் ஒருபோதும் போய்விடக் கூடாது.